நடுக்கடலில் பிழையாகிப்போனால்: கட்டுநாயக்கா – பேர்த் சிமுலேட்டர் பயணத்துக்குப் பழுது பார்க்கும் குறிப்பு

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கும் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கமில்லாத கண்ணோடு வந்து நின்றான்.

"அண்ணே, கொக்கோஸ் தீவு தாண்டினதும் எண்ணெய் முடிஞ்சிருது. இது மூணாந் தரம்."

"எத்தனை டன் ஏத்தினாய் மனே?"

"ஐம்பத்து மூணு. சிம்பிரீஃப் தந்த கணக்குத்தான்."

சிம்பிரீஃப் என்பது சிமுலேட்டர் பயணத்துக்குத் திட்டமும் எரிபொருள் கணக்கும் போட்டுத் தரும் இணையத்தளம். மடிக்கணினியைத் திறந்து சிமுலேட்டர் விமானத்தின் டேப்லெட்டைக் காட்டினான். 53,000 என்று இருந்தது. எண் சரிதான். ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன எழுத்து கிலோ அல்ல, பவுண்ட். 53,000 பவுண்ட் என்றால் 24 டன். அவன் ஓட்டும் ஏ330 விமானம் மணிக்கு ஐந்தரை முதல் ஆறு டன் வரை குடிக்கும். நாலு மணி நேரத்தில் தாங்கி வறண்டுபோகும். கொக்கோஸ் வரைக்கும் மூன்றரை மணி நேரம். கணக்கு அப்படியே பொருந்தியது.

கடல் கடக்கும் பயணத்தில் தொல்லை இதுதான். பிழை விடுவது கட்டுநாயக்காவில், அது தெரியவருவது நாலு மணி நேரம் கழித்து நடுக்கடலில். அந்த நேரத்தில் கண்முன்னால் இருக்கும் விளக்கைப் பார்த்துக் காரணம் தேடினால் கிடைக்காது. அதனால் கீழே உள்ளதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம்.

உதாரணம் எல்லாம் ஒரே பாதை: கொழும்பின் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த், ஏ330-300. நேர்ப்பாதையில் சுமார் 3,100 கடல் மைல், ஏழு மணி நேரம். கொக்கோஸ் தீவு அந்தக் கோட்டின் மேலேயே, கிட்டத்தட்ட நட்டநடுவில் கிடக்கிறது. மட்டக்களப்பிலிருந்தே புறப்படலாமே என்று கேட்பீர்கள். திமிலதீவு ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர்தான், நிறைத்த ஏ330 அதிலிருந்து எழும்பாது. ஊர்ப்பாசம் விடவில்லை என்றால் கேரவன் என்ற சின்ன விமானம் ஒன்றில் கட்டுநாயக்காவுக்குப் போய் அங்கே விமானம் மாறுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். கிளம்பியதும் வாவியும் கல்லடிப் பாலமும் கீழே தெரியும்.

எரிபொருள் கணக்குக்கு முன்னமே தீர்கிறது

முதலில் ஒரு சி.ஆர். கொப்பி எடுங்கள். சிம்பிரீஃப் தரும் திட்டத் தாளில் பாதையிலுள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் "இங்கே இவ்வளவு மிஞ்ச வேண்டும்" என்று ஓர் எண் இருக்கும். அதை இடப்பக்கமும், விமானம் அந்தப் புள்ளியைத் தாண்டும்போது உண்மையில் இருப்பதை வலப்பக்கமும், வித்தியாசத்தை மூன்றாவது வரிசையிலும் எழுதுங்கள். ஆறேழு புள்ளி போதும். காரணத்தை அந்த மூன்றாவது வரிசையே சொல்லிவிடும்.

வித்தியாசம் முதல் புள்ளியிலேயே பெரிதாக இருந்து, பிறகு மாறாமல் நின்றால், நிரப்பியதில் பிழை. கிலோவா பவுண்டா என்று பாருங்கள். இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. 1983 இல் கனடாவில் நிஜமான போயிங் 767 ஒன்றுக்கு 22,300 கிலோவுக்குப் பதிலாக 22,300 பவுண்ட் என்று கணக்குப் பார்த்து நிரப்பினார்கள். அது நடுவானில் இரண்டு எஞ்சினும் நின்று, கிளைடர் மாதிரி மிதந்து வந்து கிம்லி என்ற பழைய விமானத்தளத்தில் இறங்கியது.

ஒவ்வொரு புள்ளிக்கும் 200, 400, 600 கிலோ என்று சீராகக் கூடிக்கொண்டு போனால், விமானம் தேவைக்கு மேல் குடிக்கிறது. இதற்குக் காரணங்கள் பல. திட்டம் 37,000 அடி என்றிருக்க நீங்கள் 31,000 இலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம். பயணிகளையும் சரக்கையும் திட்டத்தில் ஒரு மாதிரியும் விமானத்தில் வேறு மாதிரியும் ஏற்றியிருக்கலாம். பூமத்திய ரேகைப் பக்கம் இடிமுகிலுக்குப் போட்ட ஐஸ் தடுப்பை நிறுத்த மறந்திருக்கலாம். ஏ.பி.யு என்ற துணை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான் இரண்டு மாதம் தேடிய காரணம் வேறு. என் ஜொய்ஸ்டிக்கின் சின்னச் சறுக்கியை ஸ்பொய்லருக்கு, அதாவது சிறகின் மேல் எழும்பி வேகத்தைக் குறைக்கும் தகட்டுக்கு, கொடுத்திருந்தேன். அது தேய்ந்து, பூச்சியத்தில் வைத்தாலும் இரண்டு மூன்று வீதம் காட்டியது. சிறகின் மேல் தகடு ஒரு மயிரிழை எழும்பி நின்றபடி ஏழு மணி நேரமும் பறந்திருக்கிறது. வெளிக் கமராவில் சிறகைக் கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சறுக்கிக்கு ஆரம்பத்தில் ஐந்து வீதம் செத்த இடம் (அசைந்தாலும் கணக்கில் எடுக்காத பகுதி) விட்டேன், சரியாகிவிட்டது.

மூன்றாவது வகையில் வித்தியாசம் ஓரிடம் வரைக்கும் இல்லாமல் இருந்து, ஒரு துண்டில் மட்டும் குதிக்கும். அது காற்று. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை தென் அரைக்கோளத்துக் குளிர்காலம். தெற்கே 25 பாகையிலிருந்து 35 பாகை வரை மேற்கிலிருந்து கடும் மேல்காற்று ஓடும். பேர்த்துக்குப் போகும்போது கடைசி இரண்டு மணி நேரம் முதுகில் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். போன கணக்கை வைத்துத் திரும்பும் பயணத்துக்கு நிரப்பாதீர்கள். இரண்டுக்கும் தனித்தனித் தாள், அதுவும் புறப்படும் அன்றைக்கே எடுத்த தாள். நேற்றைய தாளில் இருப்பது நேற்றைய காற்று.

இன்னொன்று. பேர்த் தனித்துக் கிடக்கும் ஊர். அங்கே இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறொன்று இருக்கும் என்று நினைக்காதீர்கள். நான் மாற்றுத்தளமாகப் போடும் லேர்மன்த் 590 கடல் மைல் தள்ளி இருக்கிறது, அதற்கே எட்டு டன் வேண்டும். அந்த 53 டன் எப்படி வந்தது என்றால் பயணத்துக்கு 40, அதில் ஐந்து வீதம் 2, லேர்மன்துக்கு 8, கடைசி அரை மணி நேர இருப்பு இரண்டரை, தரையில் ஓட அரை. வாழைச்சேனைத் துறையில் பலநாள் மீன்பிடிக் கலம் ஓட்டுபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். போக எண்ணெய், தங்க எண்ணெய், வர எண்ணெய் என்று பிரித்துத்தான் சொல்வார்கள். "சும்மா நிறைச்சு ஊத்து" என்று யாரும் சொல்வதில்லை. விமானத்திலும் நிறைத்து ஊற்றினால் பாரம் கூடி, பாரத்தைத் தூக்கவே இன்னும் எண்ணெய் போகும்.

நேரே போன விமானம் பூமத்திய ரேகையில் இடப்பக்கம் திரும்பி ஓடுகிறது

இது எனக்கும் நடந்தது. திரும்பிய திசை வடகிழக்கு, சுமத்திராவின் வடமுனைப் பக்கம். ஓட்டோபைலட்டில் பழுது என்று நினைத்து மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

பிழை விரலில். கடலுக்கு நடுவில் பெயருள்ள புள்ளிகள் குறைவு. அகலாங்கு நெட்டாங்கையே நாலு இலக்கமும் ஓர் எழுத்துமாகச் சுருக்கி எஃப்.எம்.சி என்ற விமானத்தின் வழிக்கணினியில் அடிக்கிறோம். அதில் வரும் ஒரே எழுத்து எந்தக் கால்வட்டம் என்று சொல்லும். வடக்கும் மேற்கும் என்றால் என். வடக்கும் கிழக்கும் என்றால் இ. தெற்கும் கிழக்கும் என்றால் எஸ். தெற்கும் மேற்கும் என்றால் டபிள்யூ. தெற்கு 5, கிழக்கு 90 என்பது 0590எஸ். நாமெல்லாம் "கிழக்கு" என்று நினைத்துக்கொண்டு 0590இ என்று அடித்துவிடுகிறோம். அது வடக்கு 5. பத்துப் பாகை வித்தியாசம், அதாவது 600 கடல் மைல்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முந்திய புள்ளி ரேகையின் மேலேயே, அதாவது கிழக்கு 86 இல் இருந்தால், அங்கிருந்து சரியான புள்ளிக்கும் 384 கடல் மைல், பிழையான புள்ளிக்கும் அதே 384. கண்ணாடி பார்த்த மாதிரி. தூரத்தை மட்டும் தாளோடு ஒப்பிட்டால் பிழை தெரியாது. அடுத்த துண்டில்தான் தெரியும்: 10 தெற்கு, 95 கிழக்குக்கு 422 வரவேண்டிய இடத்தில் 948 காட்டும். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் தூரம், திசை இரண்டையும் பாருங்கள். ரேகையிலிருந்து தொடங்கும் துண்டுக்குத் திசை 141 பாகை வர வேண்டும், பிழையில் 39 வரும்.

கிழக்கு 100 பாகை தாண்டியதும் எழுத்து இடம் மாறும். தெற்கு 20, கிழக்கு 105 என்றால் 20எஸ்05. எழுத்து நடுவே வந்தால் நெட்டாங்கு நூறைத் தாண்டியது என்று பொருள். அதைக் கடைசியில் போட்டு 2005எஸ் என்று அடித்தால் கிழக்கு 5 பாகை. அது ஆபிரிக்காவுக்கும் அந்தப் பக்கம், அத்திலாந்திக் கடலில்.

37,000 அடிக்கு ஏறச் சொன்னால் வேகம் விழுகிறது

பாரம் இன்னும் இறங்கவில்லை. எஃப்.எம்.சியில் இப்போதைக்கு எவ்வளவு உயரம் தாங்கும் என்று ஓர் எண் இருக்கும், அதைப் பார்க்காமல் ஏறாதீர்கள். 35,000 இல் தொடங்கி, மூன்று மணி நேரம் கழித்து 37,000, கடைசியில் இடமிருந்தால் 39,000. கிழக்கு நோக்கிய திசைக்கு ஒற்றைப்படை, திரும்பும்போது 34, 36, 38. ஏறும் நேரத்தில் வெளிக்காற்று வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் இன்னும் அரை மணி நேரம் பொறுங்கள்.

எஞ்சின் ஒன்று நின்றால் எங்கே போவது என்று தெரியவில்லை

சிமுலேட்டரில் பழுது போட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் இது. பலர் கேட்பது: "பாதித் தூரம் தாண்டவில்லை என்றால் திரும்பு, தாண்டிவிட்டால் முன்னுக்குப் போ, அவ்வளவுதானே?" அவ்வளவுதான் இல்லை. பார்க்க வேண்டியது முன்னுக்குப் போகவும் திரும்பவும் ஒரே நேரம் எடுக்கும் சமநேரப் புள்ளி, சமதூரப் புள்ளி அல்ல.

கொழும்பு – கொக்கோஸ் துண்டை எடுங்கள், 1,540 கடல் மைல். ஒற்றை எஞ்சினில் காற்றில்லாமல் 400 நொட், அதாவது மணிக்கு 400 கடல் மைல், என்று வையுங்கள். எதிர்க்காற்று 40 என்றால் முன்னுக்குப் போக 360, திரும்பிவர 440. மொத்தத் தூரத்தைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகத்தின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 1,540 × 440 ÷ 800 = 847. கட்டுநாயக்காவிலிருந்து 847 கடல் மைல் வரைக்கும் திரும்புவதுதான் விரைவு. நடுப்புள்ளி 770. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் புள்ளி நகரும். கொக்கோஸ் – பேர்த் துண்டுக்கும் இதே மாதிரி ஒன்று எடுத்து, இரண்டையும் கொப்பியில் சிவப்பு மையால் எழுதி வைப்பேன்.

ஈடொப்ஸ் என்று சொல்லும் விதியும் இதைச் சார்ந்ததுதான். இரட்டை எஞ்சின் விமானம் எந்த நேரத்திலும் ஒற்றை எஞ்சினில் இத்தனை நிமிடத்துக்குள் ஒரு தளத்தை எட்ட வேண்டும். 400 நொட்டுக்கு 120 நிமிடம் என்றால் 800 கடல் மைல். கொக்கோஸை மாற்றுத்தளமாக வைத்தால் இந்தப் பாதை 120க்குள் மட்டுமட்டாக அடங்கும். அதை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் மட்டும் நம்பினால் நடுவிலிருந்து ஒவ்வொன்றும் 1,560 கடல் மைல், 180 நிமிடத்துக்கும் எட்டாது. அந்தச் சின்னத் தீவில் 2,400 மீற்றருக்குச் சற்று மேலான ஓடுபாதை இருக்கிறது. புறப்படுமுன் அங்குள்ள வானிலையையும் பாருங்கள். மழையில் மூடிக்கிடந்தால் அது மாற்றுத்தளம் இல்லை.

எஞ்சின் பழுதைவிட எரிபொருளைத் தின்பது காபின் அழுத்தம் போவது. 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும், அங்கே ஏ330 கண்டபாட்டுக்குக் குடிக்கும். சமநேரப் புள்ளியில் மிஞ்சியிருக்கும் எண்ணெய், 10,000 அடியில் கொக்கோஸ் வரை காணுமா என்று பார்த்துவிட்டால் உங்கள் திட்டம் உண்மையான திட்டம்.

இந்தப் பாதைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1943 முதல் 1945 வரை குவாண்டாஸின் கற்றலினா கடல் விமானங்கள் காலிக்கு அருகே கொக்கல வாவிக்கும் பேர்த்துக்கும் இடையில் நிற்காமல் பறந்தன. 27 முதல் 33 மணி நேரம். எண்ணெய்ப் பாரத்தால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. யப்பானியருக்குக் கேட்கக்கூடாது என்று வானொலியை மூடிவைத்து, நட்சத்திரம் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்த்ததால் அதற்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்றே பெயர் வந்தது. ஏழு மணி நேரம் சலிக்கிறது என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

நாலு மடங்கு வேகத்தில் விமானம் பாம்பு மாதிரி நெளிகிறது

சிமுலேட்டரின் நேரத்தை நாலு மடங்கு வேகமாக ஓடவிட்டால் கணினி மூச்சுவாங்குகிறது. ஓட்டோபைலட்டுக்குத் தேவையான கணக்கை அந்த வேகத்தில் முடிக்க முடியவில்லை. இரண்டு மடங்குக்கு இறக்குங்கள். திருப்பம் வர முன்னும், உயரம் மாற முன்னும், இறங்கத் தொடங்க முன்னும் ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். நேரலை வானிலை உங்கள் வேகத்துக்கு ஓடாது என்பதையும் மறக்க வேண்டாம். என் கருத்தில் சமநேரப் புள்ளி இரண்டையும் உண்மை வேகத்தில் கடக்காதவர் கடலைக் கடக்கவில்லை, ஆனால் மறுநாள் வேலைக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

சிமுலேட்டர் நடுவழியில் மூடிக்கொள்கிறது

எங்கே மூடியது, எத்தனை மணி நேரத்தில் மூடியது என்று இரண்டையும் கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் என்றால், உதாரணமாக பேர்த்துக்கு 60 கடல் மைல் இருக்கும்போது என்றால், அங்கே போட்ட விமான நிலையக் காட்சிப்பொதிதான். ஒரே நிலையத்துக்கு இரண்டு பொதி இருக்கிறதா பாருங்கள். இடம் மாறி, ஆனால் எப்போதும் மூன்று மணி நேரத்தையொட்டி என்றால் சூடு அல்லது நினைவகம்.

நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அது பெரும்பாலும் சூடுதான். இரவு பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள், பக்கத் தகட்டைத் திறந்து தூசு தட்டுங்கள், சட்டவேகத்தை (ஃப்ரேம் ரேட்) 30க்குக் கட்டிவையுங்கள். கடலுக்கு மேல் 30 தாராளம். கடற்கரை ஓரத்து வீடென்றால் விசிறியில் உப்புப் படியும், அதை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தூரிகை போதும்.

இரண்டு மணி நேரத்தில் ஜொய்ஸ்டிக் செத்துப்போய் ஓட்டோபைலட் கழன்றால், விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மனேஜரில் யூ.எஸ்.பி ரூட் ஹப் ஒவ்வொன்றிலும் பவர் மனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய் மின்சாரம் மிச்சம் பிடிக்க அணைக்கலாம் என்ற சரிக்குறியை எடுத்துவிடுங்கள். அப்டேட்டையும் ஒரு வாரம் நிறுத்திவையுங்கள்.

கரண்ட் போவதற்கு வைத்தியம் யூ.பி.எஸ்ஸும் தானாகச் சேமிக்கும் வசதியும். சின்ன யூ.பி.எஸ் தருவது சேமித்துவிட்டு மூடுவதற்கான சில நிமிடங்கள்தான், அதை வைத்துக்கொண்டு பறக்க முடியாது. ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள். இணையம் அறுந்தால் நேரலைக் காற்று மறைந்து, நேற்றுவரை பொருந்திய கணக்கெல்லாம் குழம்பும். 2022 இல் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்களில் நான் தாளில் மட்டுமே பறந்தேன். திட்டம் போடப் பழகியது அப்போதுதான். சேமித்ததைத் திரும்பத் திறந்தால் விமானம் அதே இடத்தில் நிற்கும், ஆனால் எஃப்.எம்.சி பல விமானங்களில் காலியாக இருக்கும். விமானத்தின் உள்நிலையைத் தனியாகச் சேமிக்கும் வசதி இருந்தால் இரண்டையும் சேமியுங்கள், இல்லாவிட்டால் கொப்பியைப் பார்த்துத் திரும்ப அடியுங்கள்.

கட்டுப்பாட்டாளர் பேசுவதே இல்லை

பிழை இல்லை. நடுக்கடலில் நிஜமாகவே அப்படித்தான், வழக்கமான வி.எச்.எஃப் வானொலி எட்டாது. கொழும்பு வான்பரப்பு முடிந்தால் மெல்பேர்ண் வான்பரப்பு, இடையில் நெடுந்தூரம் எட்டும் எச்.எஃப் வானொலி அல்லது எழுத்துச் செய்தி. வட்சிம் என்ற இணைய வலையில் கட்டுப்பாட்டாளர் யாரும் இல்லை என்றால் 122.800 இல் இருங்கள்.

இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை

உயரச் சாளரத்தில் கீழ் உயரம் போடாதவரை ஏ330 தானாக இறங்காது. திட்டம் சரியாக இருந்தாலும், புள்ளி வந்தாலும், அது நீங்கள் வந்து திருகும் வரை 39,000 அடியிலேயே போகும். சில விமானங்களின் டேப்லெட்டில் இறங்கும் புள்ளியில் நிறுத்திவைக்கும் வசதி உண்டு. தூங்கப் போகிறீர்கள் என்றால் அதைப் போட்டுவிட்டே போங்கள்.

அலாரம் வைப்பவர்கள் நேரத்தையும் பார்க்க வேண்டும். தாளில் இருப்பது உலகப் பொதுநேரம். நமக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும், பேர்த்துக்கு எட்டு. நான் ஒரு முறை இரவு 9 மணிக்கு, அதாவது பொதுநேரம் 15:30க்குப் புறப்பட்டேன். இறங்கும் புள்ளி 22:00. நம் நேரம் அதிகாலை 3:30. ஆனால் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்வது மாதிரி பேர்த் நேரத்தை எழுதிவைத்த பழக்கத்தில், கொப்பியில் 6:00 என்று இருந்ததைப் பார்த்து அலாரத்தை 6 மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். வருகைப் பாதையும் போடவில்லை, கடைசிப் புள்ளி பேர்த்தோடு முடிந்திருந்தது.

எழும்பித் தேத்தண்ணியோடு வந்து திரையைப் பார்த்தால், பேர்த் ஆயிரம் கடல் மைல் பின்னால். விமானம் அதே திசையில், அதே 39,000 அடியில், ஒரு குறையுமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. தாங்கியில் 800 கிலோ. கீழே தென்சமுத்திரம், அங்கே நன்றாக விடிந்திருந்தது.